ஏற மறுத்த ஆசிலோஸ்கோப்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் கடை வாசல் வரை போய் பஜாரைப் பார்க்கத் தோன்றுகிறது. பார்த்துவிட்டுத் திரும்பினால் கம்ப்யூட்டர் அதே எழவைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கடைசி வரியில் ‘எரர்’.

எனக்கா இந்த நிலைமை? தெருமுனையில் நின்று சத்தத்தைக் கேட்டே மோட்டாரில் எந்தக் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்துபோயிருக்கிறது என்று சொல்கிறவனுக்கா?

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் இரண்டைப் பார்க்க வருகிறார்கள். ஒன்று கோயில் கல்வெட்டு. இன்னொன்று என் எலக்ட்ரிக்கல் கடை. கல்வெட்டுக்குக் கூட்டம் கொஞ்சம் கம்மி.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஏ, பி, சி, டி-யை மோட்டார் நேம் பிளேட்டில் படித்தேன். காயில் கட்டினேன், ஸ்டெபிலைசர் செய்தேன், இப்போது சொந்தமாக இன்வெர்ட்டர் செய்கிறேன். கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுக்குமே, அந்தப் பெட்டி. இந்த மின்வெட்டு காலத்தில் சுற்று வட்டாரத்தில் நாலு பேர் வீட்டில் ஃபேன் சுற்றுகிறது என்றால், அது என் கைவேலை.

அப்படிப்பட்ட என் பெட்டி ஒன்று, செவ்வாய்க்கிழமை காலையில் ஷேர் ஆட்டோவில் ஏறித் திரும்பி வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவள் கன்னியம்மா.

கன்னியம்மாவுக்கு என் மகள் வயது. ஏரிக்கரைப் பக்கம் இருளர் குடியிருப்பு இருக்கிறதல்லவா, அங்கே உள்ள மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் சேர்ந்து ஒரு குஞ்சு பொரிக்கும் மிஷின் வைத்திருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. தெர்மாகோல் பெட்டி. உள்ளே சூட்டுக்குப் பல்பு, ஒரு ஃபேன், முட்டையைத் திருப்பிவிட ஒரு குட்டி மோட்டார். சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ள, எண் காட்டுகிற டிஜிட்டல் கண்ட்ரோலர் ஒன்று.

முதல் ஈடு முட்டை மின்வெட்டில் போயிற்று. அத்தனையும் கூமுட்டை. அப்புறம்தான் என் இன்வெர்ட்டர் அங்கே போனது.

இரண்டாவது ஈட்டுக்கு முட்டை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள் கன்னியம்மா. யோசித்துப் பாருங்கள்... தன் கோழி இட்ட முட்டையை, ஒருமுறை கெட்டுப்போன மிஷினில் கொண்டுபோய் வைக்க யாருக்கு மனசு வரும்? பேசிப் பேசி வாங்கி அடுக்கியிருக்கிறாள். இன்னும் ஓரிரு நாளில் பொரிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து...

“நைனா, லைன் கரண்ட்ல ஓடசொல்லோ நல்லா கீது. கரண்ட் பூட்டு உன் பொட்டி வேலைக்கு வந்தா, அந்த நம்பருக்குப் பைத்தியம் புடிச்சிக்குது. தொண்ணூறுன்னுது, பூஜ்யம்னுது, அப்பால பல்பையே அமித்திடுது. நேத்து பூரா நாங்களே கையால பல்ப போட்டு போட்டு அமித்தினு ஒக்காந்துகினு இருந்தோம்.”

“என் பொட்டி தப்பு பண்ணாது கன்னியம்மா. அந்தக் கண்ட்ரோலரு மட்டமான சரக்கா இருக்கும்.”

“லைன் கரண்ட்ல அது ஒயுங்காத்தான கீது? உன் பொட்டியிலதான் ஆடுது. அப்ப யாரு மட்டம்?”

மீட்டரை எடுத்து வைத்தேன். வோல்டேஜ் அச்சு மாதிரி சரியாக நிற்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சாமானும் அசெம்பிளியில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நிற்கிறது.

“ரெண்டு மணிக்கு கரண்ட் பூடும் நைனா. அதுக்குள்ள சரி பண்ணிக் குடு. இந்த தபாவும் கூமுட்டையாச்சுன்னா நான் அந்தத் தெருவுல நடக்க முடியாது. என் வூட்டுக்காரரு இப்பவே, ‘கோயி பண்ற வேலைய கரண்ட்டு பண்ணுமாடீ’ன்னு சிரிச்சிக்கினு கீறாரு.”

சொல்லிவிட்டு, காலியான ஒயர் டிரம் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போகிற மாதிரி தெரியவில்லை.

வேறு இன்வெர்ட்டர் கொடுத்து அனுப்பலாமே என்கிறீர்களா? என் கடையில் இன்வெர்ட்டர் நிற்குமா? ஸ்க்ரூ முடுக்கி முடிப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நல்ல பேர் எடுத்தவனுக்கு இது ஒரு பேஜார்.

சரி, மீட்டர் கைவிட்டால் அடுத்தது ஆசிலோஸ்கோப்தான். அது என்ன என்று கேட்பீர்கள். கரண்ட் நேர்கோடாக வருவதில்லை, அலை அலையாக வருகிறது. மீட்டர் அந்த அலையின் எடையை மட்டும் சொல்லும். ஆசிலோஸ்கோப் முகத்தையே திரையில் வரைந்து காட்டும். எடை சரியாக இருக்கிற ஆளுக்கு முகம் கோணலாக இருக்கலாம் இல்லையா?

என்னிடம் பழையது ஒன்று இருந்தது. அதன் பிக்சர் டியூப் உயிரை விட்டுவிட்டது. புதிது வாங்க எலக்ட்ரிக்கல் கடையை விற்க வேண்டும். ஆனால் போன மாதம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையோடு ஒரு சி.டி. வந்திருந்தது. அதிலிருக்கிற சாஃப்ட்வேரை ஏற்றினால் கம்ப்யூட்டரே ஆசிலோஸ்கோப் ஆகிவிடுமாம். சவுண்ட் கார்டில் மைக் செருகுகிற ஓட்டை வழியாக அலையை உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான். கரண்ட்டை நேராக விட்டால் கம்ப்யூட்டர் புகைந்துவிடும். நடுவில் இறக்கிக் கொடுக்க ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். அதை நான் அன்றைக்கே கட்டி வைத்துவிட்டேன். சாஃப்ட்வேர் ஏற்றுகிற வேலை மட்டும்தான் பாக்கி.

மட்டும்தான்!

என் கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை சாஃப்ட்வேர் லினக்ஸ். காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கிற பாஷா பாய் போட்டது. “திருட்டு சரக்கு நான் ஏத்த மாட்டேன் மொதலாளி. லினக்ஸ் போட்டுத் தரேன். ஓசி... ஆனா யோக்கியமான ஓசி” என்றார். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. கூடவே என் மனைவி சரோஜா கேட்டாள் என்று, அம்மன் பாட்டையெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏற்றிக் கொடுத்தார். பழைய டேப் ரெக்கார்டர் பரணுக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சி.டி.யைப் போட்டேன். பாய்க்குப் போன் போட்டேன். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீ-போர்டு முன்னால் உட்கார்ந்தேன்.

“நான் சொல்றத ஒன்னொன்னா அடி மொதலாளி. சீ... டீ... அப்பால எடம் வுடு.”

“எவ்ளோ எடம்?”

“ஒரு எடம்பா! வூட்டு மனையா வாங்கற?”

அடித்தேன். திரையில் எழுத்து மழை மாதிரி கொட்டியது. ஆகா, ஏறுகிறது என்று கன்னியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். திரும்பி முடிப்பதற்குள் மழை நின்றுவிட்டது. எரர். இது ஏற வேண்டுமென்றால் இன்னொரு ஃபைல் முதலில் வேண்டுமாம்.

பாய் கொடுத்திருந்த லினக்ஸ் சி.டி.க்களில் இரண்டாவதைப் போட்டு அந்த ஃபைலைத் தேடிப் பிடித்தோம். ஏற்றப் போனால், அதற்கு வேறொன்று வேண்டுமாம். அந்த வேறொன்றுக்கு, மூன்றாவது சி.டி.யில் இருக்கிற மற்றொன்று வேண்டுமாம்.

ஒயர் டிரம்மிலிருந்து குரல் வந்தது. “எங்க சாதி சர்ட்டிபிகேட்டு மாதிரியே கீது நைனா. அத்த எடுத்துனு வா, இத்த எடுத்துனு வா, அத்த வாங்கறதுக்கு இன்னொன்ன எடுத்துனு வான்னு... மிஷினுங்களும் இப்டித்தானா?”

பாய்க்கும் அது போனில் கேட்டுவிட்டது. சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்து வாசலுக்குப் போனேன். சால்டரிங் அயர்னைச் செருகினேன். எதற்குச் செருகினேன் என்று எனக்கே தெரியவில்லை, பிடுங்கினேன். வந்து உட்கார்ந்தேன்.

எப்படியோ எல்லாம் ஏறியது. ஏற வைத்தேன் என்று சொல்ல வேண்டும். என் விரலைத் தவிர அந்த கீ-போர்டில் வேறு யார் விரலும் படவில்லை. சாஃப்ட்வேரைத் திறந்தேன். கட்டம் போட்ட கறுப்புத் திரை வந்தது. இனி பச்சையாக ஒரு கோடு ஓட வேண்டும். கோடு ஓடவில்லை. அதற்குப் பதிலாகக் குட்டியாக ஒரு பெட்டி எழும்பியது. சவுண்ட் கார்டு பிஸி.

“பிஸின்னா, வேற யாரோ சவுண்ட எடுத்துக்கினு கீறாங்கன்னு அர்த்தம் மொதலாளி.”

“யாருய்யா எடுப்பா? மிஷின் முன்னாடி நான் ஒருத்தன்தான் கீறேன்!”

“அப்ப ஒரு தபா அணைச்சிட்டுப் போடு. லினக்ஸ் தன்னால தெளிஞ்சிக்கும்.”

அணைத்தேன். போட்டேன். கம்ப்யூட்டர் சோம்பல் முறித்து எழுந்திருப்பதற்குள் நான் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்த நடையில் காஞ்சிபுரமே போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் வாசலில் நின்ற நேரத்தில் சரோஜா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, கும்பிட்டுவிட்டு, அம்மன் பாட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

அது எங்கள் கடை வழக்கம். காலையில் கடையைத் திறந்தாலும் சரி, நடுவில் மிஷினுக்கு உயிர் வந்தாலும் சரி, முதலில் சாமி பாட்டு. டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து அப்படி. கம்ப்யூட்டரில் சரோஜாவுக்குத் தெரிந்தது, பாட்டைத் திறக்க அமுக்குகிற அந்த ஒரு குட்டிப் படம்தான். அதை எந்தப் பொறியாளரைவிடவும் வேகமாக அமுக்குவாள். செவ்வாய், வெள்ளியில் பாட்டைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. நானும் ஒருநாளும் நிறுத்தியதில்லை. போன் பேச வேண்டி வந்தால், ஸ்பீக்கர் குமிழை மட்டும் திருகி அடக்கிவிடுவேன். அம்மனுக்கும் குறை இல்லை, எனக்கும் காது கேட்கும்.

அன்றைக்கும் குமிழைத் திருகினேன். பாயைக் கூப்பிட்டேன். சாஃப்ட்வேரைத் திறந்தேன். சவுண்ட் கார்டு பிஸி.

“யோக்கியமான ஓசின்ன. ஓசி கீது. யோக்கியம் எங்க பாய்?”

“கோச்சிக்காத மொதலாளி. இன்னொரு தபா அணைச்சிப் போடு. நான் கஸ்டமரப் பாத்துட்டு வந்துடறேன்.”

போனை வைத்துவிட்டார். நான் மறுபடியும் அணைத்தேன். மறுபடியும் நடந்தேன். சரோஜா மறுபடியும் கும்பிட்டுவிட்டுப் பாட்டு போட்டாள். நான் மறுபடியும் குமிழைத் திருகினேன். பிஸி... பிஸி... பிஸி. யாரைத் திட்டவில்லை நான்? லினக்ஸைத் திட்டினேன். பத்திரிகைக்காரனைத் திட்டினேன். சவுண்ட் கார்டைக் கழற்றி ஓட்டையை ஊதிச் சுத்தம் பண்ணலாமா என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன்.

“நைனா, மணி ஒன்னு ஆயிட்சி” என்றாள் கன்னியம்மா. குரலில் காலையில் இருந்த கிண்டல் இல்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். “நீ முடியலன்னு சொல்லிட்டினா நான் ஓடிப்போய் எதனா வயி பாக்கறேன். சுடுதண்ணி பாட்டிலாவது வெப்போம்.”

முடியவில்லை என்று நான் சொல்வதா? வாயில் வரவே இல்லை. ஆனால் சொல்லாமலும் அவளை எத்தனை நேரம் உட்கார வைப்பது?

அந்த நேரம் பார்த்து சரோஜா கன்னியம்மாவுக்குச் சோறு போட்டு எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். வந்தவள் நின்று காதைத் தீட்டினாள்.

“இன்னாய்யா இது? செவ்வாக்கெயமையும் அதுவுமா கடை எழவு வூடு மாதிரி கம்முனு கீது? பாட்டு எங்க?”

தட்டை மேஜையில் வைத்தாள். ஸ்பீக்கர் குமிழைத் திருகினாள்.

பாட்டு வந்தது. முதலிலிருந்து அல்ல... நடுவிலிருந்து. உச்ச ஸ்தாயியில், உடுக்கைச் சத்தத்தோடு.

கன்னியம்மா கேட்டாள். “அப்ப இவ்ளோ நேரமும் உள்ள பாடிக்கினேதான் இருந்துச்சா?”

என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. பாய் சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. வேற யாரோ சவுண்ட எடுத்துக்கினு கீறாங்க. ஆமாம்யா, எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மனே எடுத்துக்கொண்டிருந்தாள்! அந்தக் கார்டு ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்குத்தான் வேலை செய்யும். பாட்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் ஆசிலோஸ்கோப்புக்கு எப்படி இடம் கிடைக்கும்? நான் அணைத்துப் போட்டபோதெல்லாம் லினக்ஸ் தெளிந்துதான் இருந்தது. தெளிந்த உடனே நாங்கள் மறுபடி பாட்டைப் போட்டோம். நான் பாட்டின் வாயை மட்டும் பொத்திவிட்டு நின்றேன்.

“நிறுத்து சரோஜா! பாட்ட நிறுத்து!”

“பாதியிலயா? உனுக்கு இன்னா புத்தி கித்தி பிசகிப் பூட்ச்சா? உசுரு உள்ள கீற முட்டைங்க. இந்த நேரத்துல போயி அம்மா பாட்ட அறுப்பியா?”

“அந்த முட்டைக்காகத்தான் நிறுத்தச் சொல்றேன்!”

“இந்த ஒரு பாட்டு முடியட்டும். அப்பால நானே நிறுத்தறேன்.”

நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். முட்டை அவளுடையது. அவள் சொன்னால் சரோஜா கேட்பாள்.

கன்னியம்மா சோற்றில் கை வைத்தபடி சொன்னாள். “முடியட்டும் நைனா. கரண்ட்டு இன்னும் கீது, முட்டைங்க தாங்கும். நீதான் தாங்க மாட்ட போல கீது.”

தாங்கினேன். மவுஸைப் பிடித்த கை அப்படியே இருக்க, கால் மட்டும் மேஜைக்கடியில் தாளம் போட, அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். இத்தனை வருடமாக எங்கள் கடையில் ஓடுகிற பாட்டு. அதற்கு இத்தனை சரணம் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முடிந்தது. சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டு நிறுத்தினாள். நான் அமுக்கினேன்.

ஓடியது பாருங்கள் பச்சைக் கோடு! இன்வெர்ட்டரைப் போட்டேன். கோடு எழுந்து அலையாக வளைந்தது. அலை அளவாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும், சீமைக் கருவேல முள் மாதிரி, ஒரு குத்து. நீளமாக. கூராக. மீட்டர் கண்ணுக்கு அகப்படாத முள். அந்த முள்தான் கண்ட்ரோலரைப் போய்க் குத்திக் குத்திப் பைத்தியமாக்கியிருக்கிறது.

முள்ளை விழுங்குவதற்கென்றே என் சர்க்யூட்டில் ஒரு கெப்பாசிட்டர் வைத்திருக்கிறேன். பார்வைக்கு நிமிர்ந்துதான் நின்றது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டேன். சாய்ந்துவிட்டது! அடியில், சால்டருக்குப் பக்கத்தில், கால் முறிந்திருந்தது.

“பொட்டிய எங்க வெச்சிருந்த கன்னியம்மா?”

“மிஷின் மேலதான். கீய வெச்சா ஒயர எலி கடிக்கும்ல?”

மேலே இன்வெர்ட்டர். அடியில் முட்டையைத் திருப்பிவிடுகிற மோட்டார். ராத்திரி பகலாக உதறல். எந்தக் கால்தான் தாங்கும்? நான் அரைமணி முன்னால் மேஜைக்கடியில் போட்ட தாளத்தை அது வாரக்கணக்கில் போட்டிருக்கிறது.

புதுக் கெப்பாசிட்டர் போட்டு, அசையாமல் இருக்கப் பசை ஊற்றி, திரையைப் பார்த்தேன். முள் போயிருந்தது. மூடியைக்கூட ஒழுங்காகப் பூட்டவில்லை. கன்னியம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார, என் மொபெட் ஏரிக்கரைப் பக்கம் பறந்தது. இந்த வயதில் அந்த மண் ரோட்டில் அப்படி ஓட்ட வேறு எவன் இருக்கிறான் சொல்லுங்கள்.

வழியிலேயே நெல் அரைக்கிற மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. கரண்ட் போய்விட்டது.

“நைனா...” என்றாள் கன்னியம்மா. ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினேன்.

போய்ப் பார்த்தால் மிஷின் மேல் பழைய புடவையும் கம்பளியும் போர்த்திக்கொண்டு பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். கன்னியம்மாவின் வீட்டுக்காரர் கதவோரமாகச் சாய்ந்து நின்றார். சிரித்தால் அவள் கடித்துவிடுவாள் போலிருந்தது. இந்த முறை பெட்டியைச் சுவர்ப் பலகையில் தனியாக வைத்தேன். ஒயரைக் கொடுத்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

பல்பு எரிந்தது. ஃபேன் சுற்றியது. கண்ட்ரோலரில் எண் எழுந்தது... ஏறியது... ஓரிடத்தில் வந்து நின்றது. நின்றேவிட்டது.

“பாத்தியா? நான்தான் சொன்னேன்ல, என் பொட்டி...” என்று ஆரம்பித்தேன்.

“வாய மூடு நைனா!”

இந்த ஊரில் என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல சரோஜாவைத் தவிர இன்னொருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூடினேன். கன்னியம்மா மிஷினில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கையாட்டி என்னையும் கூப்பிட்டாள். குனிந்து காதை வைத்தேன்.

டொக்... டொக்.

யாரோ உள்ளேயிருந்து முட்டை ஓட்டைத் தட்டுகிறார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். நம் வீடுகளில் எத்தனை விஷயத்தை இப்படிக் குமிழைத் திருகி வைத்திருக்கிறோம்? பங்காளிச் சண்டை, பெண்டாட்டியின் பழைய மனத்தாங்கல், மகன் கேட்டு நாம் பதில் சொல்லாத கேள்வி... சத்தம் வரவில்லை, ஆகவே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அது உள்ளே பாடிக்கொண்டுதான் இருக்கிறது. வேறு நல்ல விஷயம் உள்ளே நுழையப் பார்த்தால், ‘பிஸி’ என்று திருப்பி அனுப்புகிறது. நாம் ஊரையெல்லாம் திட்டுகிறோம்.

வெள்ளிக்கிழமை கன்னியம்மா கடைக்கு வந்தாள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் பொரிந்துவிட்டனவாம். அவள் வீட்டுக்காரர் இப்போது மிஷின் பக்கத்திலேயே கட்டில் போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எங்க மிஷினு” என்கிறாராம். அடுத்த ஈட்டுக்கு முட்டை கேட்டு அவள் போக வேண்டியதில்லை. முட்டைகள் அவள் வீடு தேடி வருகின்றன.

பாயும் போன் போட்டார். “இன்னா மொதலாளி, சவுண்ட யாரு எடுத்துக்கினு இருந்தாங்கன்னு தெரிஞ்சிதா?”

“பெரிய எடம் பாய். உனுக்கு எனுக்கெல்லாம் மேல” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு ஏணியைப் போட்டு, டேப் ரெக்கார்டரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன். இனிமேல் எங்கள் கடையில் அம்மனுக்குத் தனி லைன்!